எத்தனையாம் பிள்ளை?

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வழங்கப்படும் நாளில், வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? "எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது?" என்பதல்ல. "கணிதத்துக்கு எத்தனை புள்ளி?" என்பதும் அல்ல. "எத்தனையாம் பிள்ளை?" என்பதே அந்தக் கேள்வி. தாய் கேட்கிறார், தந்தை கேட்கிறார், அடுத்த வீட்டு மாமி வேலியோரம் நின்று கேட்கிறார், கடைக்காரர் மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டே கேட்கிறார். முதலாம் பிள்ளை என்றால் முகம் மலர்கிறது. இருபத்தைந்தாம் பிள்ளை என்றால் வீட்டில் அன்று இரவுச் சாப்பாடும் இறங்குவதில்லை.

வகுப்பில் தமது பிள்ளை எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டுமா? அறிவதால் பிள்ளைக்கு நன்மை கிடைக்கிறதா? அல்லது அந்த இலக்கத்தைத் தேர்ச்சி அறிக்கையிலிருந்து நீக்கிவிடுவதுதான் நல்லதா? பெற்றோர் கூட்டங்களில் இக்கேள்விகள் எழும்போதெல்லாம் இரு தரப்பிலும் நியாயமான பேச்சுக்களைக் கேட்கின்றோம். ஆகவே இதனைச் சற்று ஆறுதலாக ஆராய்ந்து பார்ப்போம்.

எமது வழக்கம் எங்கிருந்து வந்தது?

பெற்றோர் நிலையைக் கேட்பது வெறும் பெருமைக்காக மட்டும் அல்ல. எமது கல்வி முறையில் முக்கியமான வாசல்கள் சில போட்டியின் மூலமே திறக்கின்றன. 1940களில் கலாநிதி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இலவசக் கல்வியும் மத்திய மகா வித்தியாலயங்களும் உருவாகின. கிராமத்துப் பிள்ளைகளுள் திறமையானோரை அப்பாடசாலைகளுக்குத் தெரிவு செய்வதற்காக ஆரம்பிக்கப்பட்டதே புலமைப்பரிசில் பரீட்சை. ஏழைப் பிள்ளைக்கு வழி திறந்துவிடும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. இன்று அப்பரீட்சைக்கு ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் தோற்றுகின்றனர். அண்மைய ஆண்டுகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு.

அதன் பின்னர் வருவது க.பொ.த. உயர்தரம். 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி இடம்பெறுகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. உயர்தரப் பெறுபேற்றில் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் அச்சிடப்பட்டு வருவதற்குக் காரணம் இதுதான். அங்கே நிலை என்பது பிள்ளைக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரு பரீட்சைகளுக்கும் இடையில் வரும் க.பொ.த. சாதாரண தரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அகில இலங்கை நிலை கொடுக்கப்படுவதில்லை. ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய தரமே கொடுக்கப்படுகின்றது. பிள்ளை அந்தப் பாடத்தில் எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைத்தான் அது கூறுகின்றது.

அப்படியானால் தரம் 3இலோ தரம் 7இலோ நடைபெறும் தவணைப் பரீட்சை எந்த வகையைச் சேர்ந்தது? அங்கே தெரிவு எதுவும் இல்லை. பத்துப் பேருக்கு மட்டுமே இடம் என்ற நிலையும் இல்லை. நாற்பது பிள்ளைகளும் பின்னங்களைக் கற்றுக்கொள்ளலாம், நாற்பது பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் பழகலாம். பிள்ளை எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை என்று கண்டறிவதே தவணைப் பரீட்சையின் நோக்கம். தெரிவுப் பரீட்சைக்குரிய கேள்வியை நாம் கற்றலுக்கான பரீட்சையில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

நிலை என்பது மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பெறப்படும் ஓர் இலக்கம். ஆகவே அது எமது பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் உங்கள் மகளின் சராசரி முதலாம் தவணையில் 61. அவள் ஒன்பதாம் பிள்ளை. இரண்டாம் தவணையில் சராசரி 67. ஆனால் வகுப்பில் பலரும் நன்றாகப் படித்துவிட்டார்கள், அவள் பதின்மூன்றாம் பிள்ளை. உண்மையில் அவள் முன்னேறியிருக்கிறாள். வீட்டில் கிடைப்பதோ ஏச்சு. இன்னொரு வகுப்பில் வேறொரு பிள்ளையின் சராசரி 55இலிருந்து 48க்கு இறங்குகின்றது. மற்றவர்கள் அதைவிட இறங்கிவிட்டதால் பத்தாம் பிள்ளையாக இருந்தவன் ஏழாம் பிள்ளை ஆகிறான். அவனுக்குக் கிடைப்பது பரிசு. முயற்சி செய்த பிள்ளை தண்டனை பெறுவதும், பின்வாங்கிய பிள்ளை பாராட்டுப் பெறுவதும் எவ்வளவு அநியாயம்!

அடுத்து, வகுப்பின் நடுப்பகுதியில் பிள்ளைகள் மிக நெருக்கமாக நிற்பார்கள். ஆறாம் பிள்ளைக்கும் பதினாறாம் பிள்ளைக்கும் இடையில் சராசரியில் மூன்று புள்ளி வித்தியாசமே இருக்கலாம். பத்து இடங்கள் என்று கேட்கும்போது பெரிய பள்ளம் போலத் தோன்றுவது, வினாத்தாளில் ஓரிரு சிறு வினாக்களின் அளவுதான்.

மூன்றாவது, நிலை எல்லாப் பாடங்களையும் கூட்டி வருவது. கணிதத்தில் 31, சித்திரத்தில் 88 எடுத்த பிள்ளை பன்னிரண்டாம் பிள்ளையாக வரலாம். "நாற்பது பேரில் பன்னிரண்டு, பரவாயில்லை" என்று பெற்றோர் ஆறுதல் அடைகின்றனர். கணிதத்தில் அவசர உதவி தேவை என்ற செய்தி அந்த இலக்கத்தின் கீழே மறைந்துவிடுகின்றது.

நான்காவது, வயது. எமது நாட்டில் ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைகளே அவ்வாண்டு தரம் 1இல் சேர்க்கப்படுகின்றனர். எனவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும், அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளின் ஆறில் ஒரு பங்கு! பேச்சு, ஞாபகம், பென்சில் பிடிக்கும் விரல்களின் பலம் எல்லாவற்றிலும் அது தெரியும். பெடார்ட், டூயே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகள் மூத்த பிள்ளைகளைவிடக் குறைந்த புள்ளிகள் பெறுவதைப் பல நாடுகளில் கண்டனர். கடைசியாக வரும் சின்னப் பிள்ளை பல வேளைகளில் மந்தமான பிள்ளை அல்ல. வயதில் இளைய பிள்ளை.

ஐந்தாவது, பாடசாலை. கிராமப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தவள் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து நகரத்துப் பாடசாலைக்குப் போகிறாள். அங்கே எல்லோரும் தத்தமது ஊரின் முதலாம் பிள்ளைகள். இவள் இருபத்தெட்டாம் பிள்ளை ஆகிறாள். அவளது அறிவு குறையவில்லை, சுற்றியிருப்பவர்கள் மாறிவிட்டார்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கல்வி உளவியலாளர் ஹேர்பேர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இது பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரே திறமையுடைய இரு பிள்ளைகளுள், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருக்கும் பிள்ளை தன்னைத் தாழ்வாகவே எண்ணிக்கொள்கிறது என்பது அவரது கண்டுபிடிப்பு. சிறிய குளத்தில் பெரிய மீனாக இருந்தது, பெரிய குளத்தில் சிறிய மீனாகத் தன்னை உணர்கின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. வகுப்பில் ஒருவருமே கணிதத்தில் சித்தியடையாத பாடசாலையிலும் ஒரு முதலாம் பிள்ளை இருக்கத்தான் செய்கிறது. ஐந்து வருடம் முதலாம் பிள்ளை என்ற மகிழ்ச்சியில் இருந்த பெற்றோர், சாதாரண தரப் பெறுபேற்றில் கணிதத்துக்கு டபிள்யூ வந்ததும் திகைத்துப் போகின்றனர். அந்தப் பாடசாலையில் கணிதம் கற்பிக்க ஆசிரியரே இல்லை என்ற செய்தியை நிலை ஒருநாளும் அவர்களுக்குக் கூறவில்லை.

வீடுகளில் நடப்பவை

எமது பணியில் நாம் சந்தித்த சில குடும்பங்களை இங்கு குறிப்பிடுகின்றேன். அடையாளம் தெரியாதிருக்க விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

தரம் 7இல் படிக்கும் ஒரு பையன் தனது தேர்ச்சி அறிக்கையில் தகப்பனின் கையொப்பத்தைத் தானே இட்டுவிட்டான். அவன் முப்பத்தோராம் பிள்ளை. வகுப்பாசிரியை கண்டுபிடித்துத் தாயை அழைத்தபோது எங்களிடமும் வந்தனர். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, "அப்பா அந்த நம்பரை மட்டும்தான் பார்ப்பார். பார்த்திட்டு பெல்ட்டை எடுப்பார்" என்றான். அதே அறிக்கையில் அவனது விஞ்ஞானப் புள்ளி கடந்த தவணையைவிட 17 புள்ளிகள் கூடியிருந்தது. அதனை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொரு தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கில் இருந்தார். மகளை அம்மம்மா வளர்த்தார். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசும்போது தாய் கேட்பது "எத்தனையாம் பிள்ளை மகள்?" என்றுதான். ஒவ்வொரு தவணையும் "ஐந்தாம் பிள்ளை" என்று பதில் வந்தது. தாயும் நிம்மதியாகப் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் அனுப்பினார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது தரம் 6இல் இருந்த மகளால் பாடப்புத்தகத்தின் ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. "நான் அங்க கஷ்டப்பட்டதெல்லாம் இந்த ஒரு நம்பரை நம்பித்தானே மிஸ்" என்று அவர் அழுதார். பிள்ளை பொய் சொன்னது தவறுதான். ஆனால் கடல் தாண்டி அந்தத் தாய்க்கும் மகளுக்கும் இடையில் போய்வந்த ஒரே கல்விச் செய்தி அந்த இலக்கம். "இன்று படித்த கதையை எனக்கு வாசித்துக் காட்டு" என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டிருந்தால் உண்மை அன்றே தெரிந்திருக்கும்.

மூன்றாவது சம்பவம் பெண் பிள்ளைகளோடு தொடர்புடையது. ஒரு குடும்பத்தில் மகள் நகரத்துப் பாடசாலையில் இருபத்திரண்டாம் பிள்ளை. அவளுக்கு ஒரு வயது இளைய தம்பி ஊர்ப் பாடசாலையில் மூன்றாம் பிள்ளை. பிரத்தியேக வகுப்புக்கு ஒருவருக்கு மட்டுமே பணம் இருந்தது. "மூன்றாம் பிள்ளைக்குச் செலவழிக்கலாம், இருபத்திரண்டுக்கு ஏன்?" என்று தகப்பன் தீர்மானித்தார். மகள் வகுப்பை விட்டு வீட்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் அந்தத் தாயுடன் அமர்ந்து இரு அறிக்கைகளையும் அருகருகே விரித்துப் பாடம் பாடமாகப் பார்த்தோம். கணிதத்தில் மகளுக்கு 64, மகனுக்கு 47. விஞ்ஞானத்தில் மகளுக்கு 70, மகனுக்கு 52. இரு பாடசாலைகளின் வினாத்தாள்களும் ஒன்றல்ல, ஆகவே புள்ளிகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் மகள் படிப்பில் தோற்றுப்போனவள் அல்ல என்பதை அந்தத் தாய் விளங்கிக்கொண்டார். பிறகு நடந்த பேச்சில் மகனுக்குக் கணித வகுப்பு மட்டும், மகளுக்கு விஞ்ஞான வகுப்பு மட்டும் என்று முடிவாயிற்று. குடும்பத்தில் பணம் குறையும்போது யாருடைய படிப்பு முதலில் நிறுத்தப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அவ்வேளையில் வகுப்பு நிலை ஒரு வசதியான சாட்டாகிவிடுகின்றது. எமது நாட்டில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. எனினும் பாடசாலைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, வீட்டில் புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைப்பது வேறு.

அப்படியானால் மறைத்துவிடலாமா?

இவ்வளவையும் கேட்டபின், நிலையை முற்றாக மறைத்துவிடுங்கள் என்று கூறத் தோன்றும். ஆனால் அவ்வளவு இலகுவாக முடிவெடுக்க முடியாது. ஒரு கூட்டத்தில் கூலி வேலை செய்யும் தகப்பன் ஒருவர் எழுந்து கூறியதை நான் மறக்கவில்லை. "மிஸ், எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நம்பர் தெரியும். அந்த றிப்போட்டில எனக்கு விளங்குறது அது ஒன்றுதான். அதையும் எடுத்திட்டா என்ர பிள்ளை என்ன செய்யுதெண்டு நான் எப்படி அறியுறது?"

அவரது கேள்வி நியாயமானது. படித்த பெற்றோர் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தே நிலைமையை அறிந்துகொள்வார்கள். படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெற்றோருக்குப் பாடசாலை தரும் தகவலே வழி. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் ரெபெக்கா டைசன்-ரொஸ் என்ற பொருளியலாளர் மேற்கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கே பெற்றோர் பலர் தமது பிள்ளைகளின் கல்வி மட்டத்தைப் பிழையாகவே அறிந்திருந்தனர். கல்வி குறைந்த பெற்றோரிடம் இந்தப் பிழை அதிகமாக இருந்தது. பிள்ளைகளின் உண்மையான புள்ளிகளை விளக்கியபோது, பெற்றோர் பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்ற பயிற்சிப் புத்தகத்தைத் தெரிவு செய்தனர், செலவையும் அதற்கேற்ப மாற்றினர். தகவலை மறைத்தால் அதிகம் பாதிக்கப்படுவது ஏழைக் குடும்பமே.

எல்லாப் பிள்ளைகளுக்கும் "நன்று", "மிக நன்று" என்று எழுதி அனுப்பும் அறிக்கைகளையும் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். ஆனால் தரம் 9இல்தான் பிள்ளைக்குச் சரளமாக வாசிக்க வராது என்று தாய் அறிந்தால், அந்த நல்லெண்ணத்தால் யாருக்கு என்ன பயன்?

மேலும், அறிக்கையில் அச்சிடாவிட்டாலும் வகுப்பில் தாம் எங்கே நிற்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலை மாணவர்களைப் பற்றி மேர்பி, வைன்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பு நிலை அறிவிக்கப்படுவதில்லை. இருந்தும், ஒரே அளவு புள்ளி பெற்ற பிள்ளைகளுள் தனது வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளை, பிற்காலத்தில் இடைநிலைப் பாடசாலையில் புதிய சகபாடிகளிடையேயும் சிறப்பாகச் செய்தது. தன்னம்பிக்கையே இதற்கு முக்கிய காரணம் என்பது அவர்களது கருத்து. ஆகவே அறிக்கையில் இருந்து இலக்கத்தை நீக்குவது மட்டும் போதாது. பின்வரிசைப் பிள்ளையின் நம்பிக்கையை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி அப்போதும் இருக்கும்.

மற்ற நாடுகளில்

போட்டிக்குப் பேர்போன சிங்கப்பூர் 2018இல் ஒரு முடிவை அறிவித்தது. 2019 முதல் ஆரம்ப, உயர்நிலைப் பாடசாலைகளின் அறிக்கைப் புத்தகங்களில் வகுப்பு நிலை அச்சிடப்படுவதில்லை. மொத்தப் புள்ளி, வகுப்புச் சராசரி, தோல்விப் புள்ளியின் கீழ் கோடு போடுதல் ஆகியனவும் நிறுத்தப்பட்டன. பிள்ளை தன்னை மற்றவரோடு ஒப்பிடாமல் தன் கற்றலில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே நோக்கமாகக் கூறப்பட்டது. சீனாவும் 2021இல் பாடசாலைகள் மாணவரின் பரீட்சை நிலைகளைப் பகிரங்கப்படுத்துவதைத் தடை செய்தது. தமிழ்நாட்டு அரசு 2017இல் 10ஆம், 12ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது.

நிலைக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்பதற்கும் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்தில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் ஒரு கல்வியாண்டில் மட்டும், மாணவரின் சராசரியோடு வகுப்பின் சராசரியும் அறிக்கையில் அச்சாகியது. அவ்வாண்டில் புள்ளிகள் ஏறத்தாழ 5 சதவீதம் உயர்ந்தன. அத்தகவல் நிறுத்தப்பட்டதும் உயர்வும் மறைந்தது. இஸ்ரேலிய உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பாடத்தைத் தருகின்றது. ஒரு பகுதி மாணவருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதிக்கு எழுத்துமூலக் குறிப்பு மட்டும், மூன்றாம் பகுதிக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தனர். இலக்கம் கண்ணில் பட்டதும் குறிப்பை ஒருவரும் வாசிப்பதில்லை போலும்!

எனது கருத்து

பிள்ளையின் கல்வியைப் பற்றிய எந்தத் தகவலையும் அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. நிலையும் அதில் அடங்கும். ஆனால் கேட்டால் கொடுக்கப்பட வேண்டியது வேறு, எல்லோர் முன்னிலையிலும் முதலாவதாக அறிவிக்கப்பட வேண்டியது வேறு.

ஆரம்பப் பிரிவில், அதாவது தரம் 1 முதல் 5 வரை, வகுப்பு நிலை தேவையே இல்லை. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஒவ்வொரு பிள்ளையும் அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வரையறுத்தது. அடைந்ததா இல்லையா என்பதே அங்கே கேள்வி. தரம் 6 முதல் 9 வரை நிலையை அறிக்கையில் அச்சிடாமலும் வகுப்பில் வாசிக்காமலும் சுவரில் ஒட்டாமலும் விடலாம். கேட்கும் பெற்றோருக்கு வகுப்பாசிரியர் தனியாக, விளக்கத்துடன் கூறலாம். உயர்தரத்தில் போட்டி உண்மையானது. அங்கே மாணவருக்கும் பெற்றோருக்கும் நிலை தெரிந்திருப்பது நல்லது.

நீக்கப்படும் இலக்கத்தின் இடத்தில் மூன்று விடயங்கள் வர வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் கடந்த தவணைப் புள்ளி. இரண்டு, அந்தப் பாடத்தில் வகுப்பின் சராசரி. மூன்று, பிள்ளைக்கு அடுத்துத் தேவையானது என்ன என்பதைக் கூறும் ஆசிரியரின் ஒரு வரி. "முயற்சி செய்யவும்" என்பது போதாது. "பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறுகிறது, தினமும் பத்து நிமிடம் சொல்ல வைக்கவும்" என்று இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியைக்கு இது பெரும் சுமை என்பதை அறிவேன். மொழி, கணிதம் ஆகிய இரு பாடங்களுக்கு மட்டும் தொடங்கினாலும் போதும். எழுத்தறியாத பெற்றோருக்கு அந்த ஒரு வரி வாசித்துக் காட்டப்பட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் தாய்மார் இக்கோரிக்கையை முன்வைக்கலாம். பணச் செலவு ஏதுமில்லாத மாற்றம் இது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

பாடசாலை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. எனது பிள்ளை இந்த வகுப்பின் பாடப்புத்தகத்தைத் தடையின்றி வாசித்து விளங்கிக்கொள்கிறதா?

2. கடந்த தவணையைவிட எந்தப் பாடத்தில் முன்னேறியிருக்கிறது? எதில் பின்னடைந்திருக்கிறது?

3. அடுத்த தவணைக்குள் கட்டாயம் கற்க வேண்டிய ஒரு விடயம் எது? வீட்டில் நான் செய்யக்கூடியது என்ன?

4. வகுப்பில் எங்கே அமர்கிறது? கரும்பலகை தெரிகிறதா? கூப்பிட்டால் கேட்கிறதா? (பின்தங்கிய பிள்ளை என்று பெயரெடுத்த சிலருக்கு மூக்குக் கண்ணாடி மட்டுமே தேவைப்பட்டிருக்கிறது.)

5. சிநேகிதர்கள் இருக்கிறார்களா? கேள்வி கேட்கிறதா? ஒழுங்காக வருகிறதா?

வீட்டிலும் சில பழக்கங்களை ஏற்படுத்தலாம். அறிக்கையைப் பிள்ளையுடன் அமர்ந்து பாடம் பாடமாகப் பாருங்கள். கூடிய புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து அதை எப்படி எடுத்தாய் என்று கேளுங்கள். குறைந்த புள்ளி ஒன்றைப் பற்றி, அந்த வினாத்தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பேசுங்கள். அண்ணனோடும் தங்கையோடும் மச்சாளோடும் ஒப்பிடாதீர்கள். ஊரார் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டால், "நல்லாப் படிக்கிறா, இப்ப கதைப் புத்தகமெல்லாம் தானே வாசிக்கிறா" என்று பிள்ளையின் முன்னிலையிலேயே பதில் கூறுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தாய் தந்தையர் தொலைபேசியில் ஒரு பந்தி வாசிக்கக் கேளுங்கள்.

அறிக்கைக்குப் பயந்து பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பாடசாலை செல்ல மறுத்து, "நான் இருந்து என்ன பயன்" என்ற விதமாகப் பேசினால் அதனை விளையாட்டாக எடுக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல், ஏசாமல், காது கொடுத்துக் கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். அடியும் துன்புறுத்தலும் நடக்கும் வீட்டைப் பற்றி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

அன்பான தாய்மாரே, நாற்பது பேர் உள்ள வகுப்பில் முதலாம் பிள்ளை ஒருவர்தான் இருக்க முடியும். மற்ற முப்பத்தொன்பது வீடுகளும் தவணைக்குத் தவணை துக்க வீடாக வேண்டுமா? தேர்ச்சி அறிக்கை அடுத்த முறை வரும்போது நிலை எழுதப்பட்ட இடத்தை உங்கள் கையால் மறைத்துக்கொண்டு பாடங்களைப் பாருங்கள். கணிதம், மொழி, விஞ்ஞானம் என ஒவ்வொன்றாகப் பிள்ளையுடன் பேசி முடித்த பின்னர் கையை எடுங்கள். அப்போது அந்த இலக்கம் கூறுவதற்குப் புதிதாக அதிகம் எதுவும் மிஞ்சியிருக்காது.